பீடத்துக்குக் கீழே இருந்த கரி

பிளாக்ரிட்ஜ், பென்சில்வேனியா
நவம்பர், 1934

தம்பி இம்ரிக்குக்கு,

அக்கா சுசானா எழுதுவது. அம்மா சுகம், நானும் சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய். கிளீவ்லாந்து குளிர் உன்னை ஒன்றும் செய்துவிடாது.

நம் பங்கின் நாற்பதாண்டு மலருக்கு நீ எழுதி அனுப்பிய கோயில் வரலாற்றைக் காஷ்பர் சாமியார் போன ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். நன்றாகத்தான் எழுதுகிறாய். ஐரிஷ்காரர்கள் தங்கள் கோயிலில் நம்மைக் கடைசி வரிசைக்குத் தள்ளியது, அந்த ரோஷத்தில் நம் ஆட்கள் சுரங்க வேலை முடிந்து வந்து கோயில் கட்டியது, ஓடைக்கல்லைப் பெண்கள் மடியில் கட்டிச் சுமந்தது, எல்லாம் சரி. பிறகு அந்த வரி வந்தது. முன்னோர்கள் கொத்துவேலை அறியாதவர்களாம். அவர்கள் போட்ட அஸ்திவாரம் சரியில்லாததால் கோயில் பீடத்துப் பக்கம் இறங்கிவிட்டதாம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அஸ்திவாரம் போட்டவர் நம் அப்பா. கப்பல் ஏறுவதற்கு முன் அவர் கொத்தனார் என்பது உனக்குத் தெரியாதா? பெயரை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய். அந்த அளவுக்காவது வெட்கம் மிச்சமிருக்கிறது.

இங்கே நிலைமை மோசம். பீடத்துப் பின்சுவர் வெடிப்பில் கை நுழைகிறது. பூசை வைக்கும்போது சாமியாருக்குக் கால் ஒரு பக்கமாக வழுக்குகிறது. "ஒங்க சாமியாரு காலையிலயே ஊத்திக்கிட்டு வர்றாரா?" என்று கடைவீதியில் ஐரிஷ்காரன் கேட்கிறான்.

கம்பெனி எஞ்சினியரும் அஸ்திவாரம்தான் காரணம் என்கிறான். நீ அவனிடம் கற்றாயோ, அவன் உன்னிடம் கற்றானோ. வருகிற வியாழக்கிழமை ஆயரின் ஆள் விசாரிக்க வருகிறார். அஸ்திவாரம் என்று முடிவானால் கோயிலை இடித்துவிட்டு நம்மை மறுபடி அந்த ஐரிஷ் கோயிலுக்கே அனுப்பிவிடுவார்கள். கீழே கரி எடுத்ததால் என்றால் கம்பெனிதான் நிமிர்த்திக் கட்ட வேண்டும். பீடத்துக்கு நேர்கீழே, சுரங்கத்தில் வெட்டாமல் விட்டுத் தாங்கி நிற்கும் கரித்தூணைத் தொடமாட்டோம் என்று சொல்லித்தானே நிலம் கொடுத்தார்கள். ஆனால் இன்று யாரும் இறங்கிப் பார்க்க முடியாது. சுரங்கத்தில் அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர்.

அந்த இடத்தை நீ மறந்திருக்க முடியாது. 'கீழ்க்கோயில்' என்பீர்கள். அங்கே வந்ததும் தொப்பியைக் கழற்றுவீர்கள், புகையிலை துப்பமாட்டீர்கள், கழுதை ஓட்டுகிறவன்கூட அந்த இடம் தாண்டும்வரை கழுதையைத் திட்டமாட்டான். வேலைநிறுத்தம் தோற்றுத் திரும்பிய வருடம், அந்தத் தூணை வெட்டச் சொல்லி ஃபோர்மேன் முதலில் என் வீட்டுக்காரர் பாவோலைத்தான் கேட்டான். "மேல எம் புள்ளைக்கு ஞானஸ்நானத் தண்ணி ஊத்துன எடம். அதுக்கடியில நான் கடப்பாரை போடமாட்டேன், வேற ஆளப் பாரு" என்று இவர் சொல்லிவிட்டார். அன்றே வேலை போயிற்று, கம்பெனி வீடும் போயிற்று. அந்த மாதமே நீ ஃபோர்மேன் ஆனாய். பாவோல் இதை என்னிடம் சொன்னபோதுகூட உன்னைத் திட்டவில்லை. நான்தான் திட்டினேன், இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பாவோல் இல்லை. உன்னோடு சேர்ந்து வெட்டிய இரண்டு பேரும் இல்லை. சாமியாரிடம் மட்டும் சொன்னேன். "நீ கண்ணால பாத்தியா, சுசானா? வெட்டுனவன் வாயால வந்தாத்தாம்மா எடுபடும்" என்றார்.

கோயில் போனால் போகட்டும் என்றுகூட ஒரு நேரம் தோன்றுகிறது. அம்மாவைப் பார்த்தால்தான் தாங்கவில்லை. நீ எழுதியதை வாசித்த அன்று பூசை முடிந்ததும் நேராக அப்பா கல்லறைக்குப் போனாள். "ஏய்யா, ஊருக்கெல்லாம் ஒழுங்காக் கட்டுன, சாமிக்கு மட்டும் அரைகுறையா வெச்சுட்டுப் போயிட்டியே. நான் எந்த மூஞ்சியோட கோயிலுக்குள்ள போவேன்?" என்று சண்டை போட்டாள். இந்த ஞாயிறு முன்வரிசைக்குப் போகவில்லை. பின்னால் கதவோரமாக உட்கார்ந்துகொண்டாள். எத்தனை கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

நான் ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்குப் புருஷன் திரும்பக் கிடைப்பார். பிள்ளை போய்விடுவான். அவளுக்கு இருப்பது ஒரே ஆண்பிள்ளை. அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், உன் மேல் இரக்கப்பட்டு இல்லை.

புதன்கிழமை சாயங்கால ரயிலில் வா. ஆயரின் ஆள் மறுநாள்தான் வருகிறார், அவரிடம் அப்புறம் சொல்லலாம். முதலில் அம்மாவிடம் போய் உட்கார்ந்து உன் வாயால் சொல். அடித்தால் வாங்கிக்கொள். நீ வரவில்லையென்றால் வியாழக்கிழமை நான் எழுந்து நிற்பேன். எடுபட்டாலும் படாவிட்டாலும், அம்மா இருக்கும்போதே சொல்வேன். என்னை அதைச் செய்ய வைக்காதே.

ஸ்டேஷனுக்கு நான் வரமாட்டேன். அடுப்பில் கோஸ் சூப் இருக்கும்.

சுரங்கத்தில் இறங்கிய நாளெல்லாம் உன்னை உயிரோடு மேலே அனுப்பிய புனித பார்பரம்மாள், இந்த ஒரு தடவையும் உன்னை வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
சுசானா