பூட்டிய கதவுக்கு அமைச்சர் சொன்ன பதில்

மீனவர் குப்பம், கேளம்பாக்கம் வழி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் நிஷா எழுதுவது. இங்கே நானும் அத்தையும் நலமாக இருக்கிறோம். நீங்கள் அந்த ஊர் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அறைத் தோழன் ஜெஃப்ரி லீவு முடிந்து வியாழக்கிழமை பஹ்ரைனுக்குத் திரும்புகிறான். அவனிடம் நெத்திலிக் கருவாடும் அத்தை அரைத்து வைத்த மிளகாய்த்தூளும் கொடுத்தனுப்புகிறேன். கூடவே இந்தக் கடிதம். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் மாமா பேச்சை எடுத்தாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

அத்தை மறுபடி தாம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் கூடை எடுக்க ஆரம்பித்துவிட்டார். மாமா இல்லாத வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் சுவர் மேலே வந்து விழுகிற மாதிரி இருக்கிறதாம். எனக்கு துணிக்கடையில் ஆடித் தள்ளுபடி வேலை. வீட்டுக்கு வந்தால் கால் இரண்டும் கல்லாக இருக்கிறது. படகுக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்கிறோம். மழைத் தண்ணீர் இறங்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாமாவின் கருமாதிக்கு நம் எம்.எல்.ஏ. தனசேகர் வந்தார் அல்லவா? சட்டமன்றத்தில் கேள்வி கேட்கிறேன் என்று அவர் சொன்னதற்கு, "கேட்டு?" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள். மச்சான், அவர் கேட்டேவிட்டார். நம் குப்பத்து ஆஸ்பத்திரி, மாமாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று காலையில் ஏன் பூட்டிக் கிடந்தது என்று ஒரு கேள்வி. கடலில் உடம்பு முடியாமல் போகிறவர்களைக் கரைசேர்க்க மீன்வளத் துறையின் மீட்புப் படகு ஏன் வருவதில்லை என்று இன்னொன்று. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஒரே ஆள்தான். சுகாதார அமைச்சர் திரிபுரசுந்தரி அம்மா. மீன்வள அமைச்சருக்கு ஏதோ ஆபரேஷன் என்று அந்தத் துறையையும் அப்போதைக்கு இவரிடம் கொடுத்திருந்தார்கள்.

இவர் செம்பாக்கத்துக்காரர், முன்பு டீச்சராக இருந்தவர் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். கேள்வி வருவதற்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது, ஆஸ்பத்திரிப் படியில் ஒரு அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் போலீஸ் வண்டி இல்லை, பின்னால் ஆள் கூட்டம் இல்லை. டிரைவர் மட்டும் தள்ளி நின்றார். கதவில் வழக்கம்போலப் பூட்டு. அவர்தான் அமைச்சர் என்று எனக்கு விளங்குவதற்குள் அத்தை எங்கிருந்தோ வந்துவிட்டார்.

"இன்னாம்மா, பூட்டப் பாக்கவா வந்தே? நாங்க தெனம் பாத்துகினுதான் கீறோம்" என்று ஆரம்பித்தார்.  "நீ குந்திகினு கீறியே, இதே படியிலதான் என் வூட்டுக்காரரப் படுக்க வச்சோம். என் புள்ள கதவத் தட்டித் தட்டி கையெல்லாம் ரத்தம்" என்று அத்தை கத்தினார். தெருவே கூடிவிட்டது.

அந்த அம்மா எழுந்து நின்று கேட்டார். சமாதானம் சொல்லவில்லை, குறுக்கே பேசவும் இல்லை. அத்தைக்குத் தொண்டை கட்டும்வரை கேட்டுவிட்டு, "அன்னிக்கு நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க, அப்புறம் எங்க கொண்டு போனீங்க, முதல்லேருந்து சொல்லுங்கம்மா" என்றார். அத்தை சொன்னார். கேளம்பாக்கம் வரைக்கும் ஷேர் ஆட்டோவில் மாமாவை மடியில் போட்டுக்கொண்டு போனது வரை சொன்னார். அந்த அம்மா போகும்போது ஒரு வாக்குறுதியும் கொடுக்கவில்லை. "இவளும் அவ்ளோதான்" என்று அத்தை அன்றைக்கு முடித்துவிட்டார்.

தனசேகர் எங்கள் இருவருக்கும் சட்டமன்றத்துக்குப் பாஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். வண்டலூர் வழியாகத் தாம்பரம் போய், அங்கிருந்து ரயிலில் கோட்டைக்குப் போனோம். அத்தை கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, "மீன் வாட வருதா பாருடி" என்று வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டு மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார வைத்தார்கள். பேசக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது என்றார்கள். அத்தை பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

தனசேகர் கேள்வி கேட்டார். அந்த அம்மா எழுந்து, கையில் இருந்த தாளைப் படிக்க ஆரம்பித்தார். டாக்டர் பணியிடம் நிரப்பப்பட்டுள்ளது, மருத்துவமனை இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கி வருகிறது என்று வந்தது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். அடுத்து, "நோயாளி காலதாமதமாகக் கரைக்குக் கொண்டுவரப்பட்டதே" என்று படித்தவர், அங்கேயே நின்றுவிட்டார்.

உங்களைத்தான் நினைத்தேன் மச்சான். பெரிய ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் உங்களிடம் கேட்டதும் இதைத்தானே? "ஏம்ப்பா இவ்ளோ லேட்டா கொண்டாந்த?" நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். கடலில் நெஞ்சு வலித்தபோது வலை தண்ணீரில் இருந்தது, மாமாதான் "வாயுப் புடிப்புடா, வலைய ஏத்திட்டுப் போலாம்" என்றார் என்பதை என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னீர்கள். அதையும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டுதான் சொன்னீர்கள்.

அந்த அம்மா தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அதன் பிறகு அவர் பேசியதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"பேரவைத் தலைவர் அவர்களே, இது எனக்கு எழுதிக் கொடுத்த பதில். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு இதை என்னால் படிக்க முடியவில்லை. அந்தக் குடும்பம் விடிந்ததுமே மருத்துவமனை வாசலுக்கு வந்துவிட்டது. வராதது நாங்கள்தான். அங்கே இருக்க வேண்டிய டாக்டரை வேறு ஊருக்கு அனுப்பிய உத்தரவில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் இடத்துக்கு ஆள் போடாமல் விட்டதும் என் துறைதான். அந்தப் பிள்ளை இன்னும் எவ்வளவு முன்னால் வந்திருந்தாலும் அந்தக் கதவு பூட்டித்தான் இருந்திருக்கும். தாமதம் படகில் நடக்கவில்லை."

ஒரே கூச்சல். அவர் கட்சிக்காரர்களே கையைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். பின்னாலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அவர் அதைப் பிரிக்கவே இல்லை. தனசேகர் எழுந்து, அப்படியானால் தவறு என்று அமைச்சர் ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்டார். "ஒப்புக்கொள்கிறேன். என் தவறு" என்றார். சண்டைக்குத் தயாராக வந்திருந்த தனசேகர் நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

மீட்புப் படகைப் பற்றியும் கேள்வி இருந்ததே. "படகு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என்ஜின் இல்லாமல் மணலில் இருக்கிறது. அது தண்ணீரில் இறங்கும்வரை, இருக்கிறது என்று நான் இந்த அவையில் சொல்ல மாட்டேன்" என்றார்.

அத்தை அழவில்லை. என் மணிக்கட்டை மட்டும் விடவில்லை. வெளியே வந்த பிறகுதான், "அத்தினி பேரு மின்னாடி சொல்லிட்டாடி. என் புள்ள மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டா" என்று நடைபாதையில் உட்கார்ந்து அழுதார்.

அன்று சாயங்காலமே டிவியில் அவரைப் பிய்த்து எடுத்தார்கள். ஆட்சிக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார் என்று அவர் கட்சிக்காரரே ஒருவர் பேசினார். மறுவாரம் மீன்வளத் துறையை அவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மீட்புப் படகு இன்னும் மணலில்தான் கிடக்கிறது. உள்ளதை எழுதிவிடுகிறேன். ஆனால் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வந்துவிட்டார். விஷ்ணுப்ரியா என்று சின்னப் பெண். பக்கத்திலேயே வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார். போன வாரம் நம் ரத்தினபாய் அக்காவுக்கு மூச்சுத் திணறியபோது விடிகாலையில் எழுந்து வந்து ஊசி போட்டார். அக்கா இன்று குழாயடியில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டார்.

இதைக் கேட்டதும் அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு முழு வஞ்சிரத்தைப் பையில் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு செம்பாக்கத்தில் அந்த அம்மா வீட்டுக்கே போய்விட்டார். ஏரிக்குப் பக்கத்தில் சாதாரண வீடு. வாசலில் கோலம், உள்ளே பெருங்காய வாசனை. அவர்கள் சைவம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எனக்கு மானம் போயிற்று. அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டுல யாருக்கும் மீன் சமைக்கத் தெரியாதும்மா" என்று பையை இரண்டு கையாலும் வாங்கி, காவலுக்கு நின்றவரிடம் அவருடைய வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். எங்களுக்குக் காபி வந்தது.

"மினிஸ்டர் வேல பூடுமாம்மா?" என்று அத்தை நேராகவே கேட்டார். "போனா போகட்டும். மறுபடி டியூஷன் எடுத்தா செம்பாக்கத்துல பசங்க வராமலா போயிடுவாங்க?" என்றார் அவர். இந்த மாதிரி ஒருவரைப் பற்றித்தான் நாம் கரையில் நின்று அப்படியெல்லாம் திட்டினோம் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

கிளம்பும்போது அவர் கேட்டார், "உங்க பையன் எப்படி இருக்கார்?" என்று. ஊருக்கெல்லாம் வாயடிக்கிற அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். வேலைக்கு பஹ்ரைன் போயிருக்கிறார் என்று மட்டும் நான் சொன்னேன். அந்த அம்மா புரிந்துகொண்டார் போலிருக்கிறது. "நான் சபையில சொன்னத அவர்கிட்ட யாராவது சொன்னீங்களா?" என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதம், மச்சான்.

எப்போது வருகிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஒப்பந்தம் முடிந்து வாருங்கள், இல்லை முன்னாலேயே வாருங்கள். உங்களுக்குத் தோன்றும்போது வாருங்கள். அத்தை தினமும் சாமிக்கு விளக்கேற்றி உங்கள் பெயரைச் சொல்லித்தான் திருநீறு இட்டுக்கொள்கிறார். அந்தத் திருநீற்றில் கொஞ்சம் இதோடு மடித்து வைத்திருக்கிறேன். நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் இரவில் தூங்குவதில்லை என்று ஜெஃப்ரி சொல்லிவிட்டான். அவனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த டாக்டரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் எழுந்து நின்று சொல்லிவிட்டார். இனி நீங்கள் தூங்குங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
நிஷா