மூன்று தட்டு

என் வாயாடிக்கு,

பக்கவாதம் வந்து உன் பேச்சு நின்றாலும் நின்றது, என்னைத் திட்ட வீட்டில் ஆளில்லை. ரேடியோவிடம் வம்பு வளர்க்கிறேன்.

ட்ரொம்சோ ஆஸ்பத்திரியில் உனக்குப் பேச்சுப் பயிற்சி தரும் தூரிட், சொற்களை மேசையில் தட்டிக் காட்ட என்னையும் பழகச் சொன்னாள். "பள்ளிக்கூடத்துல தட்டுவீங்களே, அதேதான். அசைக்கு ஒரு தட்டு. ரெண்டு சொல் சேர்ந்து ஒரே சொல்லா வந்தா முதல் தட்டு ஓங்கி விழணும்."

"பள்ளிக்கூடத்துல என் கன்னத்துலதாம்மா தட்டினாங்க" என்றேன்.

சமையலறையில் தனியாக உட்கார்ந்து தட்டுகிறேன். பூனைகூட எழுந்து போய்விட்டது.

ஞாயிறன்று தூரிட் உன் அருகில் தொலைபேசியைப் பிடித்தபோது மூன்று தட்டு கேட்டது, முதலாவது ஓங்கி. கஃப்-ஃபெ-கொப், காபிக்கோப்பை என்றாயா? இல்லை, கல்யாணமானதிலிருந்து என்னைக் கூப்பிடுகிறாயே, துல்-லெ-புக், கிறுக்கு ஆடு என்று, அதுவா? இரண்டுக்கும் தட்டு ஒன்றுதான்.

தூரிட்டிடம் கேட்க மனம் வரவில்லை. இரண்டு கோப்பை எடுத்து வைத்துக் காபி ஊற்றினேன். உன்னுடையது ஆறிக்கொண்டிருக்கிறது.

எதுவானாலும் வீட்டுக்கு வந்து வாயால் சொல். அதுவரை இரண்டுக்கும் பதில் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் கிறுக்கு ஆடு