நெய் உறையும் மாதம்

மார்கழிக் குளிரில் இன்று காலை நெய்ப்புட்டி வெள்ளையாக உறைந்து, மணல்மணலாகக் கிடந்தது. வெயிலில் வைத்தால் இளகிவிடும் என்றாள் மருமகள். உன் குரல்தான் எனக்குக் கேட்டது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் நம் மருந்து ஷெட் புதிது. நான் மணவாள நகரிலிருந்து வரும் கெமிஸ்ட். நீ பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வரும் பிரஸ் ஆபரேட்டர். மெழுகு போன்ற ஒரு பாலிமரை உருக்கி, அதில் இதய மருந்தைக் கரைத்து, சூடான தட்டுகளுக்கிடையே அழுத்தித் தகடாக்கி, வட்ட வட்ட மாத்திரைகளாக வெட்டுவோம். தகடு கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தால் மருந்து கரைந்துவிட்டது என்று பொருள். நான் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன், தலையாட்டுவேன். அதுதான் நம் சோதனை.

அந்தச் சித்திரையில் மானேஜர் மருந்தின் அளவைக் கூட்டச் சொன்னார். தகடு மங்கியது. சூட்டையும் அழுத்தத்தையும் ஏற்றினோம், தெளிந்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே, கொளுத்தும் மத்தியானத்தில் அதைப் பார்த்துப் பாஸ் போட்டேன்.

நீ மட்டும் பிரஸ்ஸை விட்டு நகரவில்லை. "சூட்ல அமுக்கி மருந்த உள்ள தள்ளிக்கினு கீறோம். சூடும் அமுக்கமும் போனா அது உள்ளயே குந்தினு இருக்குமா? நெய்யே மார்கழில உறைஞ்சி பூடுதேப்பா."

"நெய் வியாபாரத்துக்குப் போய்யா" என்று கிண்டலடித்தேன். படித்தவன் என்ற திமிர். நீயும் சிரித்தாய்.

உன் நெஞ்சு வலிக்கு டாக்டர் எழுதியதும் அதே மருந்துதான். கடையில் வாங்குவானேன் என்று, அந்தப் புது அளவில் வெட்டியதில் ஓரம் சிதைந்த மாத்திரைகளை ஒரு டப்பா நிறைய அள்ளி நானே உன்னிடம் கொடுத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

மார்கழி பிறந்து ஒரு வாரமிருக்கும். காலையில் சாம்பிள் புட்டியைத் திறந்தேன். மாத்திரைகளின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. உள்ளே நிற்க முடியாத மருந்து வெளியே வந்து, உதிர்ந்து, அடியில் கிடந்தவற்றின் மேல் அப்பியிருந்தது. மானேஜரிடம் சொன்னேன். "ஒவ்வொண்ணுலயும் மருந்து எவ்ளோ இருக்குன்னு அளந்து பாரு. அதுவரைக்கும் வாயத் தொறக்காத" என்றார். அடுத்த அறையில் உன் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. அளந்துவிட்டே உன்னிடம் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் நீ வரவில்லை. மாரடைப்பு என்றார்கள். டாக்டர் எதையும் சந்தேகப்படவில்லை.

காரியம் முடிந்த பிறகு உன் மனைவி ஷெட்டுக்கு வந்தாள். முந்தானையில் முடிந்திருந்த டப்பாவை அவிழ்த்து என்னிடம் நீட்டினாள்.

"மூணு மாத்திரை மிச்சம் கீதுண்ணா. நீங்க குடுத்ததுன்னு ஒரு வேள கூட தவறாம துண்ணுச்சி. வேற யாருக்குனா ஆவும்."

வாங்கிக்கொண்டேன். அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து மூன்றையும் அளந்தேன். இரண்டில் பெயருக்குத்தான் மருந்து இருந்தது, மற்றபடி வெறும் மெழுகு. மூன்றாவதில் நான்கு வேளைக்கான மருந்து இருந்தது. உன் கடைசி வேளைக்கு எது கைக்கு வந்ததோ, தெரியாது. அவளிடம் நான் சொல்லவில்லை. இப்போது அவளும் இறந்துவிட்டாள். இதை முதலில் கேட்பவன் நீதான்.