சீசன் முடிவதற்குள்

மே 6, ஞாயிறு

விடியும்போது மூடுபனி, பத்து மணிக்கு நல்ல வெயில். ரூம் எல்லாம் ஃபுல். தலையணை உறை காயவில்லை. தண்ணீர் லாரி வரவில்லை. மானேஜர் என்று பேர்தான், குழாயில் தண்ணீர் நின்றால் திட்டு வாங்குவதும் நான்தான்.

அண்ணன் நேற்று சாயங்காலம் என் மகள் கவிதாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அதே பஸ்ஸில் மலை இறங்கிவிட்டார். அவள் அப்பா இறந்து நான் இந்த லாட்ஜ் வேலைக்கு வந்ததிலிருந்து சேலத்தில் அண்ணன் வீட்டில்தான் வளர்கிறாள். இப்போது ஒன்பது வயது. போகும்போது அண்ணன் சொன்னது:

"இத பாரு ரத்னா, ரெண்டு வாரம் உங்கூட இருக்கட்டும். ஜூன்ல எந்தப் பள்ளிக்கூடம்னு அவளே சொல்லட்டும். இங்கன்னா இங்க. இல்லீன்னா எங்ககூடவே இருந்துக்குவா. அப்பறம் வருசா வருசம் இத இழுக்கக் கூடாது."

அண்ணிக்குப் பிள்ளை இல்லை. கவிதாவைத் தங்கமாக வைத்திருக்கிறாள். கெட்டவளாக இருந்தால் சண்டை போடலாம், நல்லவளிடம் என்ன செய்வது?

இரண்டு வாரம். அதுவும் மே மாதத்தில். ஆறு மாதம் ஈ ஓட்டுகிற ஊர் இது, அப்போது அனுப்பக் கூடாதா? அப்போது பள்ளிக்கூடம் இருக்குமே. நான் கேட்பதும் தப்பு.

அவளிடம் சொன்னவை: ஏரிக்குத் தனியாகப் போகாதே. சமையல்காரர் சொல்வதைக் கேள். நான் கவுண்டரில் இருக்கும்போது, வந்தவர்கள் முன்னால் அம்மா என்று கூப்பிடாதே, முதலாளிக்குப் பிடிக்காது. தலையாட்டினாள். புதன்கிழமை படகு என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மே 9, புதன்

படகு இல்லை.

மத்தியானம் முதலாளி வந்தார். மெட்ராஸிலிருந்து பெரிய குடும்பம், வேண்டியவர்களாம், ரூம் இல்லை. "ஏம்மா ரத்னா, உன் குவார்ட்டர்ஸக் குடுத்துரு. பத்து நாளுதான." கேட்கவில்லை, சொன்னார்.

சீசனில் இங்கே எல்லோரும் செய்வதுதான். கடைக்காரர் குடும்பம் கடைக்குள் படுக்கிறது, வீடு வாடகைக்கு. தபால் ஆபீஸ்காரர்கூட மனைவியை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். போன வருடமும் கொடுத்தேன். பழக்க தோஷம், இந்த வருடமும் "சரிங்க" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் கவிதா ஞாபகம் வந்தது. பெற்றவளுக்கு வருகிற ஞாபகமா இது?

இப்போது போர்வை அடுக்கும் அறையில் இருவரும். சலவைச் சோடா வாடை.

"இங்கயாம்மா படுக்கோணும்?"

"பத்து நாளைக்குத்தான் சாமி."

"அதுக்குள்ள மாமா வந்துருவாங்க."

கணக்கு சரியாக வருகிறது அவளுக்கு. எனக்குத்தான் வரவில்லை.

மே 13, ஞாயிறு

மூன்று மணிக்கு ஏரிக்குக் கிளம்புவது உறுதி என்று சொல்லி, பச்சைப் பாவாடை கட்டி, பின்வாசலில் உட்கார வைத்தேன். இரண்டே முக்காலுக்கு ஈரோட்டிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள். ஒரு கிழவருக்கு மலை ஏறியதில் வாந்தி. குழந்தைக்குப் பால். இன்னொருவருக்குக் கட்டில் ஆடுகிறது. "அம்மணி, வெந்நி இருக்குங்களா?" "ஏனுங்க, சாவி திரும்பலீங்க."

நிமிர்ந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். ஓடினேன். அதே படியில், அதே பாவாடையில் இருந்தாள். அழுதிருந்தால் தேவலை. "பரவால்லீங்க" என்றாள், விருந்தாளி மாதிரி.

அறைக்குப் போய்ப் போர்வை அடுக்கில் முகத்தை வைத்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை. துவைத்த போர்வைகள், மறுபடி மடித்து வைத்தேன்.

மே 16, புதன்

கவிதாவைக் காணோம் என்று மத்தியானம் உயிர் போய் வந்தது. ரூம் கூட்டும் பழனியம்மா ஏரிப் பக்கம் ஓடினாள். "நீங்க பதறாதீங்க்கா, புள்ள எங்கியும் போயிருக்காது." கடைசியில் என் குவார்ட்டர்ஸிலேயே இருந்தாள். மெட்ராஸ் அம்மா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். சாப்பாடும் அங்கேயேதான் ஆகியிருக்கிறது.

"ரொம்ப நல்ல பொண்ணு. இங்க யார்கூட வந்திருக்கா? அம்மா சேலத்துல இருக்காங்கன்னு சொல்றாளே" என்றார்.

கவிதா தரையைப் பார்த்தாள்.

நான் சொன்னது: "ஆமாங்க மேடம். வேற ஏதாவது வேணுங்களா?"

எப்படி வந்தது அந்தக் குரல்? தொண்டையிலேயே ஒரு கவுண்டர் முளைத்துவிட்டது போல. அப்புறம் பருப்பு மூட்டை இறக்கினேன், அந்தக் குடும்பத்துக்கே சாயங்காலம் டாக்ஸி பிடித்துக் கொடுத்தேன். கை வேலை செய்துகொண்டே இருந்தது. அம்மா சேலத்தில் இருக்கிறாளாம். அண்ணியைத்தான் சொல்கிறாள்.

மே 19, சனி

நாளைக்கு அண்ணன் வருகிறார்.

காலையில் சாவிக்கொத்தை முதலாளி மேஜையில் வைத்தேன். சாயங்காலம் வரை வர மாட்டேன் என்றேன்.

"சனிக்கிழமைம்மா. சீசனு."

"எனக்கும் இந்த ரெண்டு வாரந்தானுங்க சீசன்."

"வேலைய உட்டுட்டுப் போறியா?"

"போகச் சொன்னீங்கன்னா போறனுங்க. இன்னைக்கு என்னால முடியாது."

சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு அவரே போய்க் கவுண்டரில் உட்கார்ந்தார். கவிதா கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினேன்.

ஏரியில் படகு டிக்கெட்டுக்குக் கூட்டம் ரோட்டைத் தாண்டி நின்றது. நின்று பார்த்தோம், நகரவே இல்லை. மழை வந்தது. ஒரு கடை ஓரம் ஒதுங்கி மிளகாய் பஜ்ஜி தின்றோம். கேட்டுவிட்டேன்.

"அம்மா சேலத்துல இருக்கறாங்கன்னு ஏன் கண்ணு சொன்ன?"

"நீங்கதானுங்க சொன்னீங்க. வந்தவங்க முன்னால அம்மான்னு சொல்லக் கூடாதுன்னு. அம்மா எங்கன்னு கேட்டாங்க, அதான் சேலம்னு சொல்லிட்டனுங்க."

அந்தப் பொய் என்னுடையது, அவள் சொன்னபடி கேட்டிருக்கிறாள். நான் என்னென்னவோ நினைத்து மூன்று நாளாக அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அங்கேயே கட்டிக்கொண்டேன். கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

இங்கேயே இருக்கிறாயா என்று கேட்கவில்லை. பயம்.

மே 20, ஞாயிறு

மழை விட்டுவிட்டது. மெட்ராஸ் குடும்பம் விடிகாலையிலேயே கிளம்பிவிட்டது. முதலாளி சாவிக்கொத்தை நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு அண்ணன் வந்தார். அண்ணி முறுக்கு கொடுத்தனுப்பியிருந்தாள். கவிதாவின் பை கட்டித் தயாராக இருந்தது, நான்தான் கட்டினேன். அண்ணன் காபிகூடக் குடிக்கவில்லை. "சொல்லு சாமி. அம்மாகூட இருக்கறியா, எங்ககூட வர்றியா?"

கட்டின பையை ஒரு தரம் பார்த்தாள்.

"அங்கதானுங்க மாமா எனக்குப் புடிக்கும்" என்றாள். "அத்தை இருக்கறாங்க, சிநேகிதப் புள்ளைங்க இருக்கறாங்க." அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா நான் இங்கயே இருக்கறனுங்க. உங்களுக்கு அத்தை சோறு போட்டு வெப்பாங்க. அம்மாவ நீ தின்னியான்னு இங்க ஒருத்தருங்கூடக் கேக்கறதில்லீங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். எங்களோடு அனுப்பு என்று அந்தப் பார்வை கேட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை, அவளுக்குப் பிடித்த இடம் எது என்று அவளே சொல்லியாகிவிட்டது.

நல்ல தாயாக இருந்தால், நான் தின்பேன் கண்ணு, நீ அத்தையோடு போய்ப் படி என்று சொல்லியிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

சொல்லவில்லை. பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைத்தேன்.