யானை யார் காவல்?

மார்ச் 4, செவ்வாய்

இவ்வளவு பயத்தோடு நான் ஏன் தினமும் போய் அந்தக் கதவைத் திறக்கிறேன்? தெரியவில்லை.

குழந்தைகள் நூலகம் என்று பெயர்தான் பெரிது. செங்கல் சூளைக் குடிசைகளுக்கு நடுவே பழைய கரி அறை. சும்மா கிடக்கிறதென்று முதலாளி வாய்வார்த்தையாகக் கொடுத்தது. இன்று சூளை மேஸ்திரி வாசலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"மேடம், பசங்க எல்லாம் இங்க படம் பாத்துட்டு உக்காந்தா சுடாத பச்சைக் கல்லை யார் வெயில்ல திருப்பிப் போடுறது? நீங்க வர்றீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு, "ஞாயித்துக்கிழமை இடிக்கிறோம். அதுக்கு மேல புத்தகம் கெடந்து, தீக்குச்சி விழுந்துச்சுன்னா எங்கிட்ட வராதீங்க."

புத்தகம் அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

அண்ணனிடம் போனில் சொன்னேன். "அம்பது வயசுல உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" நாற்பத்தெட்டு என்று திருத்தினேன். அதற்கு மட்டும்தான் தைரியம் இருந்தது.

மார்ச் 6, வியாழன்

வாயாடி என்று நான் கூப்பிடும் சூளைச் சிறுமி மட்டும் வந்தாள். "டீச்சரக்கா, இந்த வாரமும் யானை புக்கு என் காவல்." நான் டீச்சர் இல்லை என்று சொல்லி அலுத்துவிட்டது.

'காவல்' அவள் கொடுத்த சொல். நான் முதலில் 'இரவல்' என்றுதான் சொன்னேன். ஒரு வீட்டிலும் புத்தகத்தை உள்ளே விடவில்லை. "இரவல் பொருள் வேணாம்மா. எங்க எது காணாமப் போனாலும் எங்க தலையிலதான் விழும்" என்றாள் இவளுடைய அம்மா. காயும் பச்சைக் கல்லை வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் காவல். "காவல்னு சொல்லுங்க, அம்மா விடும்" என்றாள் வாயாடி. விட்டார்கள். ஒரு சொல் மாறினால் எல்லாம் மாறிவிடுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மார்ச் 7, வெள்ளி

குழந்தைகள் யாருமே வரவில்லை. பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தேன். இன்னொரு சாவி வாயாடியின் அம்மாவிடம், அறையைக் கூட்டுவதற்காக.

மார்ச் 8, சனி

பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே அலமாரி காலி. ஒரு புத்தகம் இல்லை.

மேஸ்திரியின் ஆட்களா? பூட்டு உடையவில்லையே. அப்படியென்றால் — பழைய பேப்பர்காரன் நேற்று வந்திருந்தான். எடைக்குப் போட்டுவிட்டார்களோ? எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப் போவதில்லை. நினைத்தது நினைத்ததுதான்.

வாயாடியின் அம்மா கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கேட்டபோது என் குரல் எப்படி இருந்ததோ. அவள் கை நிற்கவில்லை.

"மேகம் கட்டினா கல்லை மூட யாரையாவது கேட்டுட்டா இருப்போம்? இருக்கிறவங்க எல்லாரும் ஓடுவோம்."

"எங்கே இருக்கு?"

"காவல்ல இருக்கு. எங்கன்னு நீங்க கேக்காதீங்க, டீச்சரம்மா. உங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்."

உண்மைதான். ஆனால் இப்போது பயம் ஓர் அறைக்கு மட்டுமில்லை, புத்தகம் இருக்கும் ஒவ்வொரு குடிசைக்கும். துணி மூட்டைக்குள், அடுப்பு மேலே... எல்லாம் ஓலைக் கூரை. ஐயோ, மேஸ்திரி ஆளுங்க தேடிக்கிட்டு வீட்டுக்கு வீடு நுழைஞ்சா? ஒரு தீக்குச்சி போதுமே.

மார்ச் 9, ஞாயிறு

டிராக்டர் வந்தது. தகரத்தைப் பிரித்தார்கள், சுவரைத் தள்ளினார்கள்.

"புத்தகமெல்லாம் எங்க?" என்றார் மேஸ்திரி.

"தெரியாது." பொய் இல்லை.

பெண்கள் கல் அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தியும் நிமிரவில்லை. அவர் குடிசைகளின் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிராக்டரில் ஏறிப் போனார். இன்று போனார்.

சாயங்காலம் இடிபாட்டின் அருகே நின்றுகொண்டிருந்தேன். வாயாடி யானையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள்.

"முடிச்சாச்சு டீச்சரக்கா. வேற குடுங்க."

என்னிடம் ஏது? குரலைத் தாழ்த்தி, "திமிங்கிலம் யார் காவல்?" என்று கேட்டேன்.

ஒரு குடிசையைக் கண்ணாலேயே காட்டினாள். பாதையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மாற்றிக்கொள்ள ஓடினாள்.