ஸ்டியரிங்கை விட்டிறங்கிய அப்பாவுக்கு

அப்பா,

இன்று காலை பரிசோதனைக் கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு ஸ்கூல் வேன் டிரைவர் உள்ளே வந்தார். வெளியே தலவாக்கலை டவுன் முழுக்க மழை. மேசைக்கு அருகில் வந்து லைசனை நீட்டியபோது நனைந்த கம்பளி ஜெர்சியிலிருந்து உங்கள் வலித் தைலத்தின் வாசனை வந்தது. நான் அவருடைய பெயரை எழுதவேண்டிய இடத்தில் உங்கள் பெயரை எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் எழுத்திலேயே கவனித்து அடித்துத் திருத்தினேன். அவர் பார்க்கவில்லை. சிறு போத்தலை வாங்கிக்கொண்டு உள்ளே போய், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வாசனை மட்டும் நெடுநேரம் நின்றது.

நீங்கள் போய் இரண்டாவது மழைக்காலம் இது. கடிதமாக எழுதினால்தான் சில விஷயங்கள் வரிசையாக நினைவுக்கு வருகின்றன.

முதலில் வருவது அந்தச் சின்ன பஸ். அதற்கு முன்பு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டினீர்கள். ஆள் ஏற்றும் வண்டிக்கு லைசன் எடுக்கப் போன நாளில் அம்மா உங்கள் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பியதும், சாயங்காலம் நீங்கள் வரிசை வீட்டு லயத்து வாசலில் நின்று அந்த அட்டையை எல்லோருக்கும் காட்டியதும் நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டு மாமா, "என்னண்ணே, லொறியும் பஸ்ஸும் ஒண்ணுதானே" என்று கேட்டார். "ஒண்ணா? லொறியில கொழுந்துச் சாக்கு உருண்டா எறங்கித் தூக்கிப் போட்டுக்கலாம்" என்றீர்கள்.

வட்டகொடைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டவுன் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் ஓட்டிய அந்த பஸ்ஸில்தான் நானும் வேலைக்கு வருவேன். எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் எனக்கொரு இடம். மூடி சூடாக இருக்கும்; பனிக்காலத்தில் சின்னப் பிள்ளைகள் அதில் கையை வைத்துக் காய்வார்கள். "டிரைவர் மாமா, பாட்டுப் போடுங்க" என்று பின்னால் சத்தம் வரும். பனி இறங்கிய வளைவுகளில் மட்டும் நீங்கள் பாட்டை நிறுத்திவிடுவீர்கள். பிள்ளைகளும் தாமாகவே அடங்கிவிடுவார்கள். வளைவு தாண்டியதும் பாட்டு வரும், சத்தமும் வரும். அந்த ஒழுங்கை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிறகு வேறு ஒரு பாதையில் ஸ்கூல் வேன் ஓட்டிய ஒருவன், பிள்ளைகள் உள்ளே இருக்கும்போதே பொலிஸில் பிடிபட்டான். ஐஸ் என்கிற போதைப்பொருளைப் பாவித்திருந்தான். அந்தச் செய்தி வந்த வாரத்தில் நம் பக்கத்துத் தாய்மார் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, டிரைவரின் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். பிள்ளைகளை ஏற்றுகிற எல்லோரும் செல்லுபடியாகும் லைசன், டாக்டர் சான்றிதழ், சிறுநீர்ப் பரிசோதனை மூன்றையும் காட்டினால்தான் வண்டி பள்ளிக்கூட வாசலுக்குள் வரலாம் என்று முடிவாயிற்று. மற்ற டிரைவர்களுக்குக் கோபம். "நம்மள எல்லாம் கள்ளன் கணக்கா பாக்குறாங்க" என்றார்கள். நீங்கள்தான் அவர்களைச் சமாதானப்படுத்தினீர்கள்.

"பாக்கட்டும்யா. எம் பிள்ளை போற வண்டின்னா நானுந்தான் கேப்பேன்" என்றீர்கள்.

பரிசோதனைக்குப் பள்ளிக்கூடம் தேர்ந்தெடுத்தது நான் வேலை செய்யும் இடத்தை.

திருவிழாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். என் அப்பாவின் போத்தலை நான் தொடமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்ததால் என்னோடு வேலை பார்க்கும் நிலந்தி அக்காதான் அதை வாங்கினார். நான் அடுத்த அறையில் யாருடைய இரத்தத்தையோ பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில், "நங்கி, இங்க கொஞ்சம் வா" என்று, தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் சொல்லிக் கூப்பிட்டார். குரல் வழக்கமான குரலாக இல்லை.

சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் அந்தப் பரிசோதனைப் பட்டியில் கோடு விழுந்தால் போதைப்பொருள் ஒன்றும் இல்லை. விழாவிட்டால்தான் இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் பட்டியில் ஓரிடத்தில் கோடு விழவில்லை. அபின், ஹெரோயின் வகைக்கு உரிய இடம் அது. நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது.

நிலந்தி அக்கா கதவைச் சாத்தினார். "அப்பா எப்படிப்பட்ட ஆள்னு எனக்குத் தெரியாதா? இதைத் தூக்கிப் போட்டுடலாம். வேற போத்தல் வைக்கலாம். யார் குடுத்ததுன்னு யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். என் மேல் உள்ள அன்பினால்தான் சொன்னார். வெளியே வந்தேன்.

நீங்கள் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த யாரோ ஒரு குழந்தைக்கு விரல் மடக்கி வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தீர்கள். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்தீர்கள்.

"என்ன பாப்பா?"

"ஏதாச்சும் மாத்திரை போடுறீங்களாப்பா?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினீர்கள். முதுகு வலிக்கு டவுன் டாக்டர் எழுதிக் கொடுத்தது. கோடீன் கலந்த மாத்திரை. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அந்த மாத்திரையும் அதே இடத்தில்தான் கோட்டை விழவிடாமல் செய்யும். கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தால் எது என்று பிரித்துச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதுவரை நீங்கள் பஸ்ஸைத் தொட முடியாது. பள்ளிக்கூடத்துக்கு இப்போதே தகவல் போக வேண்டும். அதை உங்களிடம் சொன்னேன். நிலந்தி அக்கா சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன்.

நீங்கள் சாத்தியிருந்த கதவைப் பார்த்தீர்கள். "அந்தப் பொண்ணு நல்ல மனசுலதான் சொல்லுது. அதுக்கிட்ட கோவிச்சுக்காத. ஆனா பாப்பா, இந்தப் பக்கத்துச் சனம் பூரா ஒங்க கைய நம்பித்தான் இங்க வருது. என்னா இருக்கோ அத எழுதச் சொல்லு" என்றீர்கள். பிறகு பஸ் சாவியை என்னிடமே கொடுத்து, பஸ்ஸுக்குச் சொந்தக்காரரான மொதலாளியிடம் சேர்க்கச் சொன்னீர்கள்.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்பது நம் மூவருக்கும்தான் தெரியும். பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் பதியும் அந்தக் கூட்டத்திலேயே, அம்மாவின் காதில் விழும்படி பேசினார்கள். "தூளடிச்சிக்கிட்டுத்தான் இத்தன நாளா புள்ளைங்கள ஏத்துனாராமே." அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சண்டைக்குப் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம்தான் அழுதார். "நீ அங்க வேல பாத்து என்னாடி புண்ணியம்? ஒங்கப்பன ஒன்னால காப்பாத்த முடியலயே." நீங்கள், "அவ காப்பாத்திட்டுத்தான் இருக்கா, நீ சும்மா இரு" என்றீர்கள். காலையில் வேறு ஒருவர் ஓட்டும் பஸ்ஸின் ஹார்ன் கேட்கும்போது, கதவுக்கு உட்பக்கமாக நின்று, அது வளைவில் கியர் மாற்றும் சத்தம் வரை கேட்டுவிட்டுத்தான் உட்காருவீர்கள்.

கொழும்பிலிருந்து முடிவு வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தவிர வேறு எதுவும் இல்லை. டாக்டரும் கடிதம் கொடுத்தார். பள்ளிக்கூடம் ஏற்றுக்கொண்டது. மொதலாளி பஸ்ஸை லயத்து வாசலுக்கே கொண்டுவந்து, உங்கள் கையில் சாவியை வைத்தார். பெரட்டுக் களத்தில் பேசிய அந்த அக்கா வந்து, "மன்னிச்சுக்கங்கண்ணே" என்று அழுதார். நீங்கள் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கச் சொன்னீர்கள். அன்று அம்மா சிரித்த மாதிரி நான் பார்த்ததே இல்லை.

எனக்கு மட்டும் சிரிப்பு முழுதாக வரவில்லை. பரிசோதனை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உடம்பில் இருப்பது என்ன? அதற்குப் பதில் வந்துவிட்டது. அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது உங்களுக்கு என்ன ஆகிறது என்று அந்தக் காகிதம் கேட்கவில்லை. தூக்கம் வரலாம், வண்டி ஓட்ட வேண்டாம் என்று மாத்திரை மட்டையில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது எனக்குத் தெரியும். நான் படித்த படிப்பு அது. தெரிந்துகொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மறுநாள் ஓட்டுவதற்காக நீங்கள் மலைத் தண்ணீர் குழாயில் விழும் பீலிக்கரையில் பஸ்ஸை நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். பீலித் தண்ணீரை வாளியில் பிடித்துப் பிடித்து ஊற்றினீர்கள். நான் ஒரு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டேதான் கேட்டேன்.

"அப்பா, அந்த மாத்திரை போட்டா ஒங்களுக்கு அசதியா இருக்கா?"

நீங்கள் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தீர்கள்.

"போடலன்னா பிரேக் மிதிக்கக் கால் வர மாட்டேங்குது. முதுகு பிடிச்சிக்கிது."

"போட்டா?"

"கீழ தண்ணி தெரியுமே, அந்த வளைவு..." என்று தொடங்கி நிறுத்தினீர்கள். பிறகு, "ஒரு நா அது வந்ததே தெரியல பாப்பா. திரும்புனதுக்கு அப்பறந்தான் திரும்பியிருக்கேன்னு தெரிஞ்சிச்சு. கை தானா ஒடிச்சிருக்கு. பிள்ளைங்க பின்னால பாடிக்கிட்டு வந்துச்சுங்க" என்றீர்கள்.

பாடிக்கொண்டு வந்தார்கள் என்றால், அந்த வளைவில் நீங்கள் பாட்டை நிறுத்தவில்லை. நானும் அன்று அந்த பஸ்ஸில் இருந்திருக்கலாம். எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. திரும்பிக் கண்ணாடியையே துடைத்தேன்.

நீங்கள் பஸ்ஸைக் கழுவி முடித்தீர்கள். உள்ளே இருக்கைகளையும் கூட்டினீர்கள். பிறகு அதை மொதலாளி வீட்டுக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு போனீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். சாவியை நீட்டியபோது மொதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னாங்க இது? இப்பதானே ஒங்க பேரு சுத்தமாச்சு?"

"பேரு சுத்தமாயிருச்சு மொதலாளி. கண்ணு ஆகல. வேற ஆளப் போடுங்க."

ஊர் இதற்கும் ஒரு கதை கட்டியது. ஏதோ இருந்திருக்கிறது, அதனால்தான் தானாகவே ஒதுங்கிவிட்டார் என்றார்கள். நீங்கள் ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. அம்மா கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. "கேக்காம இருந்தா என்னாடி கொறஞ்சிருக்கும்?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். வேலையில்லாமல் நீங்கள் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கும்போது எனக்கும் அந்தக் கேள்வி வரும்.

மொதலாளிதான் நல்ல மனதோடு ஒரு வழி பண்ணினார். அதே பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஓர் ஆள் வேண்டும் என்று உங்களைக் கூப்பிட்டார். சம்பளம் குறைவு. போனீர்கள். கதவோரத்து இருக்கையில் உட்கார்ந்து, நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறங்கி, சின்னப் பிள்ளைகளின் பையை வாங்கி, ரோட்டைக் கடத்திவிட்டு ஏறினீர்கள். புது டிரைவர் ஓட்டும்போது வளைவு வந்தால் உங்கள் வலது கால் தரையை அழுத்தும். அதைப் பார்க்காதது போல் நான் வெளியே பார்ப்பேன்.

வேலைக்குப் போக ஜெர்சியைப் போட்டுக்கொண்டே, நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்த அந்தக் காலையில், பஸ் கீழே வந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு உங்களை அந்த பஸ்ஸில்தான் கொண்டுபோனோம். பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று, நீளமான பின் இருக்கையை உங்களுக்கு விட்டார்கள். வழியெல்லாம் ஒரு பிள்ளைகூடப் பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உங்களுக்கு மூச்சில்லை.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு ஒரு சாயங்காலம், கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு, பஸ்ஸில் நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். வெகுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"எம் மேல கோவமாப்பா?"

நீங்கள் சிரித்தீர்கள். "கோவமா? டாக்டர் கேட்டாரு, அசதி ஒண்ணும் இல்லன்னேன். மொதலாளி கேட்டாரு, அவருக்கிட்டயும் இல்லன்னேன். நீ கேட்டப்பவும் இல்லன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். வரல." அடுத்த வளைவு தாண்டியதும், "யாராச்சும் மறுபடியும் கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு பாப்பா" என்றீர்கள்.

அப்பா, அந்த வார்த்தையோடுதான் நான் வேலைக்குப் போகிறேன். போத்தலைக் கொடுத்துவிட்டுப் புறப்படும் ஒவ்வொரு டிரைவரிடமும் என்ன மாத்திரை போடுகிறீர்கள், ஓட்டும்போது எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். அதை எழுத எங்கள் காகிதத்தில் இடமில்லை. எல்லோரும், "ஒண்ணும் இல்ல மிஸ்" என்கிறார்கள். நான் உடனே அடுத்த ஆளைக் கூப்பிடுவதில்லை. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தரம் கேட்கிறேன்.

சில பேர் கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள்.