சாஹிபு மாமா பூட்டிய டேர்போ

2010 ஜூலை 6

காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோயிலடியில் எங்கள் வான் கிளம்பியபோது பின்னால் நீலப் புகை. ஏப்ரலில்தான் புது டேர்போ பூட்டினது. டேர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதுகிற சின்னச் சக்கரம். அது பழுதானால் எஞ்சின் ஒயிலைக் குடிக்கும். எஞ்சின் நின்றால் அப்பாவுக்கு வேலை இல்லை.

டவுன் தரிப்பிடத்தில், அப்பாவைப் போல வான் ஓடுகிற பத்திநாதன் மாமா கேட்டார்: “என்ன சிங்கராசா, டெங்கு நுளம்புக்குப் புகை அடிக்கிறியோ?” வான்காரர் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

கறுப்பு என்றால் டீசல் சரியாக எரியவில்லை. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. இனி ஒவ்வொரு நாளும் நிறத்தைக் குறித்து வைப்பேன்.

ஜூலை 8

நீலம். நேற்றைவிடக் கூட.

பள்ளி விட்டதும் அப்பாவோடு சாஹிபு மாமாவின் கராஜுக்குப் போனேன். முழுப்பெயர் மீராசாஹிபு. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம் ஆக்களைத் துரத்தியபோது புத்தளம் போனவர். போன வருடம்தான் மனைவியோடு திரும்பிவந்து, நாலு பக்கமும் தகரம் அடித்து கராஜ் போட்டார். அந்த டேர்போவைப் பூட்டியவர் அவர்தான்.

றபர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். விரல் முழுக்க ஒயில். சக்கரத்தின் தண்டைப் பிடித்து ஆட்டினார். ஆடியது. காற்று வடிகட்டியைப் பார்த்தார், ஒயில் திரும்பி வடிகிற குழாயைப் பார்த்தார். இரண்டும் சுத்தம்.

“தம்பி, உள்ளுக்கு ஒயில் கருகித் தண்டைத் திண்டிருக்கு. நான் சொன்ன மாதிரி, நிப்பாட்ட முந்தி எஞ்சினை ரெண்டு நிமிசம் சும்மா ஓட விடுறீங்களா?”

“விடுறனான்.”

“விட்டா இப்பிடிக் கருகாதே.”

“அப்ப நீங்கள் பூட்டின சாமான்தான் பழுது.”

“பெட்டியை உங்க கண்ணுக்கு முன்னாலதானே உடைச்சேன்.”

அப்பா குரலை உயர்த்தினார். “புத்தளத்தில கழிச்சுப் போட்டதை எங்கட தலையில கட்டத்தானே திரும்பி வந்தனீங்கள்!”

சாஹிபு மாமா கையைத் துணியில் துடைத்தார். ஒயில் போன பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார். அவருடைய மனைவி நசீறா மாமி கொண்டுவந்த தேத்தண்ணியை நாங்கள் குடிக்கவில்லை.

அப்பாவா அப்படிச் சொன்னார்?

ஜூலை 11

பூசை முடிந்து கோயில் வாசலில் அதே கதை. அப்பா சொல்லியது ஒருவருக்கு. வீட்டுக்கு வரும் முன்னரே எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குள் அது வேறு விதமாக வந்து சேர்ந்திருந்தது: சாஹிபு நல்ல சாமானைக் கழற்றிவிட்டுப் பழையதைப் பூட்டுகிறாராம்.

பத்திநாதன் மாமா தன் வானை இனித் திருத்த வவுனியாவுக்குக் கொண்டுபோகப் போகிறாராம்.

ஜூலை 14

அலுமாரிக்கு மேலே டேர்போ வந்த பெட்டி இருந்தது. உள்ளே ஆங்கிலத்தில் ஒரு தாள். அகராதியோடு இரண்டு மணித்தியாலம் இருந்து படித்தேன். விளங்கியது இவ்வளவு: சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் தடவைக்கு மேல் சுழல்கிறது. தண்டு ஒயிலில் மிதந்துதான் சுழல்கிறது. ஓடி வந்த சூட்டோடு எஞ்சினை நிறுத்தினால் ஒயில் வரத்து நின்றுவிடும், சக்கரம் நிற்காது. மிச்சமிருக்கும் ஒயில் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகும்.

சாஹிபு மாமா சொன்னதும் இதுதான். அப்படியானால் அப்பா உண்மையில் என்ன செய்கிறார்? நாளைக்கு எண்ணிப் பார்க்கப்போகிறேன்.

ஜூலை 15

முன்சீற்றில் இருந்து எண்ணினேன். பள்ளி வாசலில் வான் நின்றதும் “ஒன்று” என்று மனதுக்குள் சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடிக்கவில்லை, அப்பாவின் கையில் திறப்பு திரும்பி எஞ்சின் நின்றுவிட்டது. பின்னேரம் உயிலங்குளத்துக்கு ஒரு ஹயர் ஓட்டம், நானும் போனேன். வயல்கரை நீளத்துக்கும் வேகமாக ஓடி வந்து பாலத்தடிச் சென்றியில், ஆமிக்காரர் வாகனங்களை மறிக்கிற இடத்தில், நின்றோம். சில்லு உருண்டு நிற்கும் முன்னரே எஞ்சின் நின்றுவிட்டது. உள் லைற்றும் எரிந்தது. பகல் நாலு மணி!

போன வருடம் வரைக்கும் அதுதான் சட்டம்: சென்றியில் எஞ்சினை நிறுத்தி உள் லைற்றைப் போடவேண்டும். இப்போது ஒருவரும் கேட்பதில்லை.

“அப்பா, இப்ப எஞ்சினை உடன நிப்பாட்டினீங்களோ?”

“இல்லையே. ஓட விட்டுத்தானே நிப்பாட்டினனான்.”

பொய் சொல்லுகிற முகம் இல்லை அது. அவருக்குத் தெரியவே இல்லை.

ஜூலை 16

அம்மாவிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவ கத்தியை வைத்துவிட்டா.

டிலுக்சன் மாமா, அம்மாவின் தம்பி, 2007இல் சென்றியில் சூடு பட்டுச் செத்தது எனக்குத் தெரியும். அப்பாவின் வானுக்குள், நான் நேற்று இருந்த சீற்றில் என்று தெரியாது.

“திறப்பு இறுகிப்போச்சுதடி. நிப்பாட்டச் சொல்லிக் கத்தினவங்கள். உன்ர அப்பா திறப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்தவர். எஞ்சின் நிக்கேல்ல.”

அம்மா கத்தியை எடுத்துத் திரும்பவும் மீனை வெட்டத் தொடங்கினா.

ஜூலை 21

இன்று அப்பாவிடம் தாளைக் காட்டிச் சொன்னேன். கோபிக்கவில்லை. “சரி, வா பாப்பம்” என்றார்.

பாலத்தடி. கையை மடியில் வைத்துக்கொண்டார். சென்றியில் நின்ற ஆமிப் பெடியன் எங்களை நிறுத்தக்கூட இல்லை. சிரித்துக்கொண்டு, சிங்களத்தில் “யன்ன, யன்ன” என்று போகச் சொல்லிக் கை காட்டினான். அப்பாவின் கை தானாக எழும்பியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் — எஞ்சினை நிப்பாட்டிப்போட்டார். பிறகு தன் கையைப் பார்த்தார். பின்னால் வந்த லொறி ஹோன் அடித்தது.

“சாஹிபு மாமாவிட்டப் போய்ச் சொல்லுவமே அப்பா?”

“என்னெண்டு சொல்லுறது? சென்றியைக் கண்டா நடுங்கிறவன் எண்டோ? பிறகு ஆர் எனக்குப் பிள்ளையளை ஏத்திவிடுவினம்?”

ஜூலை 27

கராஜில் ஒரு சைக்கிள் மட்டும். அது சாஹிபு மாமாவுடையது.

ஜூலை 30

நானே சொல்லிவிட்டேன். பள்ளி விட்டுத் தரிப்பிடத்துக்குப் போய், பத்திநாதன் மாமாவிடம் தாளைக் கொடுத்து, டேர்போவில் பழுதில்லை, சூட்டோடு நிறுத்தியதுதான் பிழை என்றேன். டிலுக்சன் மாமாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“ஓ, இஞ்சினியர் அம்மா வந்திட்டா!” என்றார் ஒருவர். பத்திநாதன் மாமா தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதென்ன சிங்கராசா, உன்ர பிள்ளை சாஹிபுவின்ர பக்கம் நிக்குது?” என்று கேட்டார்.

அப்பா பக்கத்தில்தான் நின்றார். நான் அவரையே பார்த்தேன். ஒரு “ஓம்” போதும்.

“சின்னப்பிள்ளை. புத்தகத்தைப் படிச்சுப்போட்டு அலட்டுது.”

நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். நாலு மைல் இருக்கும். அழேல்ல. ஏன் அப்பா? ஏன் ஒரு சொல்லுச் சொல்லேலாமல் போச்சு?

ஆகஸ்ட் 3

அப்பாவோடு பேசவில்லை. புகை நீலம்.

ஆகஸ்ட் 9

கராஜ் வாசலில் லொறி. தகரங்களைக் கழற்றி அடுக்கிவிட்டார்கள். நான் வேலியோரம் நின்றேன். நசீறா மாமி கண்டுவிட்டா.

“நோன்புக்கு முந்திப் புத்தளம் போய்ச் சேரணும் மகள்.”

“திரும்பி வருவீங்களோ மாமி?”

“வந்துதானே பாத்தோம்.”

சாஹிபு மாமாவிடம் போய், பிழை அப்பாவுடையது என்று சொன்னேன். அவர் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே, “தெரியும் மகள். தண்டை ஆட்டினப்பவே தெரியும்” என்றார். “எனக்குத் தெரிஞ்சு என்ன? வாகனம் கொண்டு வாற ஆக்களுக்குல்ல தெரியணும்.”

லொறி போன பிறகு மணலில் ஒயில் ஊறிய கறுப்பு வட்டங்கள் மட்டும் கிடந்தன.

ஆகஸ்ட் 21

எஞ்சின் ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்றுவிட்டது. பத்திநாதன் மாமாவின் வானில் கட்டி இழுத்து வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த மெக்கானிக் குழாயைக் கழற்றினார், விரலை விட்டார், தண்டை ஆட்டினார். கேட்டதும் அதே கேள்விதானாம்: “அண்ணை, ஓடி வந்த சூட்டோட நிப்பாட்டுறனீங்களோ?”

அப்பா இந்த முறை “ஓம்” என்றாராம். பத்திநாதன் மாமா பக்கத்தில் நிற்கும்போதே. பிறகு பாலத்தடியையும் டிலுக்சன் மாமாவையும் எல்லாம் சொன்னாராம்.

“பத்திநாதன் அண்ணை என்ன சொன்னவர்?” என்று அம்மா அப்பாவிடம் கேட்டா.

“‘எங்கள் எல்லாருக்கும்தானே அந்தப் பயம், இதைச் சொல்ல ஒரு மாசமோ உனக்கு’ எண்டார்.”

ஆகஸ்ட் 23

அப்பா கதிரையை என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சாஹிபு நானாவுக்கு ஒரு கடிதம் எழுது. நான் சொல்லுறன்” என்றார். சொன்னார். இடையிடையே நிறுத்தினார். நான் ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதினேன். கீழே தன் பெயரை அவரே எழுதினார்.

கடித உறையில் பெயரை எழுதினேன். அதன் கீழே புத்தளம் என்று எழுதினேன். பிறகு பேனையைத் தூக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார்.

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு தரிப்பிடத்துக்குப் போனார். கோயிலடிக்கும் போனார். கராஜுக்குப் பக்கத்து வீடுகளிலும் கேட்டாராம். கிட்டத்தட்ட இருபது வருடம் சாஹிபு மாமாவும் நசீறா மாமியும் புத்தளத்தில் எந்த ஊரில் இருந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவரும் கேட்டதில்லை. நானும்தான்.